ஆர்கானுக்குக் கை இல்லை

போன மாதம் நம் வகுப்புக் குழுவில் ஹைட்ரஜன் போட்ட செய்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ஏட்டி ஆர்கான், உனக்கு ஒரு சேதி வச்சிருக்கேன். போன்ல சொல்ல மாட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாணத்துக்கு வா, நேர்ல சொல்லுதேன்." அதற்குக் கீழே ஃப்ளூரின் கண்ணடிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்றைப் போட்டிருந்தாள். கல்யாணத்துக்கு வர முடியாதவர்கள் அன்றிலிருந்து என்னை அரித்துக்கொண்டே இருக்கிறீர்கள், அப்படி என்ன சேதி என்று. சொல்கிறேன். ஆனால் பழைய கதையை முதலில் சொல்லியாக வேண்டும். நீங்கள் பாதியை மறந்திருப்பீர்கள், மீதியைத் தப்பாக நினைவு வைத்திருப்பீர்கள். போதாக்குறைக்கு, அறுபது வயதில் எதற்கு இன்னும் சோடியம், கார்பன் என்று கூப்பிட்டுக்கொள்கிறீர்கள் என்று என் மருமகள் வேறு கேட்கிறாள். அவளுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நாம் ராஜபாளையத்தில் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருடம், கெமிஸ்ட்ரி டீச்சர் பிரசவத்துக்குப் போனார். அவர் இடத்துக்குத் தற்காலிகமாக ஒரு புது டீச்சர் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். ஒல்லியான உருவம், பெரிய குரல். முதல் நாளே கரும்பலகையில் அலுமினியம் ஆக்சைடுக்கு வாய்பாடு எழுதச் சொன்னார். எழுந்து போனவள் Al என்று எழுதினாள், O என்று எழுதினாள், நடுவில் எந்த எண்ணைப் போடுவது என்று தெரியாமல் ஒரு பூஜ்யத்தைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். டீச்சர் திட்டவில்லை. "உங்க ஊர்ல என்னம்மா நெறைய கெடைக்கும்?" என்று மட்டும் கேட்டார். பேண்டேஜ் துணி என்று நாற்பத்தொரு பேரும் சேர்ந்து கத்தினோம்.

என் அப்பா பேண்டேஜ் தறியில் வேலை பார்த்தார் என்பது உங்களுக்குத் தெரியும். மறுநாள் கழிவுத் துணியில் ஒரு பெரிய சுருளை நான்தான் சுமந்து வந்தேன். வெளுத்த துணியின் அந்த மருந்து வாசனை மூக்கில் ஏறி, பிரேயரில் நான் தும்மிக்கொண்டே நின்றேன். டீச்சர் சாக்பீஸ் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார். சீட்டில் என்ன தனிமம் இருக்கிறதோ, அதுதான் இனி நம் பெயர், ஒரே பெயர் பல பேருக்கும் வரலாம். அதற்கு எத்தனை இணைதிறனோ, அத்தனை துண்டுத் துணி மணிக்கட்டில். ஹைட்ரஜனுக்கு ஒன்று, ஆக்ஸிஜனுக்கு இரண்டு, அலுமினியத்துக்கு மூன்று, கார்பனுக்கு நான்கு. துணியின் நுனி தொங்க வேண்டும். அதுதான் கை.

நான் எடுத்த சீட்டில் ஆர்கான் என்று இருந்தது.

"ஆர்கானா? உக்காரும்மா. உனக்குக் கை கிடையாது. அது யாரோடயும் சேராது."

சுருள் என்னுடையது. கொண்டுவந்தவள் நான். வகுப்பு முழுக்க அதைக் கிழித்துக் கிழித்துக் கட்டிக்கொண்டது. எனக்கு ஒரு நூல்கூட இல்லை. என் பக்கத்தில் உட்காருகிறவளுக்கு ஹைட்ரஜன் வாய்த்தது, ஒரே ஒரு துண்டுதான், ஆனால் அவள் ஆடிய ஆட்டம் எனக்குப் பொறுக்கவில்லை. நமக்கெல்லாம் சண்டைக்காரி என்று பெயர்பெற்ற, எதையும் பிடுங்கித் தின்கிற ஒருத்திக்கு ஃப்ளூரின் வந்தது. சீட்டுக் குலுக்கலில் வந்ததா, டீச்சருக்கு முன்னமே தெரியுமா என்று இன்றுவரை சந்தேகம்.

அந்த நாட்களின் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? இடைவேளை மணி அடித்தால் போதும், வேப்பமரத்தடியில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இழுத்து முடிச்சுப் போடுவார்கள். ஒரு கைகூடத் தொங்கலாக நிற்கக் கூடாது, அதுதான் விதி. அலுமினியத்துக்கு மூன்று கை, ஆக்ஸிஜனுக்கு இரண்டு. ஒன்றுக்கு ஒன்று கட்டினால் அலுமினியத்துக்கு ஒரு கை மிச்சம். இன்னொரு ஆக்ஸிஜனைக் கூப்பிட்டால் அவளுக்கு ஒரு கை மிச்சம். கடைசியில் இரண்டு அலுமினியமும் மூன்று ஆக்ஸிஜனும் சேர்ந்தபோது எல்லா முடிச்சும் சரியாக விழுந்தது. அந்த ஐந்து பேரும் கட்டோடு குதித்ததில் ஒருத்தியின் பாவாடை கிழிந்தது. "நம்ம கை எண்ணிக்கைய அவ காலடியில எழுதணும், அவ கை எண்ணிக்கைய நம்ம காலடியில எழுதணும்" என்று டீச்சர் சொன்னதும் கார்பன் எழுந்து, "பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குத மாதிரியா டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சர் யோசித்துவிட்டு, அதேதான் என்றார். சோடியத்தோடு சேர்ந்தபின் குளோரின் தன் பெயரைக் குளோரைடு என்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்றபோது, எங்கள் சித்தியும் கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றினாள் என்று நான்கு பேர் கையைத் தூக்கினார்கள். அதன் பிறகு யாருக்கும் பெயரிடும் முறை மறக்கவில்லை. எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நான் மட்டும் அடிமரத்தில் சாய்ந்து வேடிக்கை பார்த்தேன். சும்மா இருக்க முடியாமல் எல்லோருடைய கைகளையும் எண்ணினேன். யாராவது தப்பாகக் கட்டினால் அங்கிருந்தே சத்தம் போடுவேன். "ஏட்டி கால்சியம், உனக்கு ஒரு குளோரின் பத்தாது." அதற்கு ஃப்ளூரின், "கை இல்லாதவளுக்கு வாய் மட்டும் நீளம்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போய் அழுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர், திங்கட்கிழமை பரீட்சை வைக்கப்போவதாகவும் அதுவரை குளிக்கும்போதுகூட யாரும் துணியைக் கழற்றக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமைகளில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அத்தை வீட்டுக்குப் போவேன். மாமா அங்கே பால்கோவாக் கடையில் பால் கிண்டுகிறவர். என் பக்கத்தில் உட்காருகிற ஹைட்ரஜனின் வீடு அத்தை வீட்டுக்கு அடுத்த வீடு. இருவரும் ஒரே பஸ். அன்று அவள் வேறு யாருடனோ முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பின் சீட்டில் தனியாக இருந்தேன். பையில் சுருளின் மிச்சம் இருந்தது. ஒரு துண்டு கிழித்தேன். பல்லால் கடித்து இடது மணிக்கட்டில் கட்டினேன். நுனி காற்றில் ஆடியது. வழி நெடுக அதைப் பார்த்துக்கொண்டே போனேன். அவ்வளவு அழகாக இருந்தது.

இறங்கும்போது அவிழ்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடிச்சு இறுகிவிட்டது. வாசலிலேயே அத்தை பார்த்துவிட்டாள்.

"கையில என்னட்டி கட்டு?"

கை இல்லாத தனிமம் நான், திருட்டுத்தனமாகக் கை வைத்துக்கொண்டேன் என்று அத்தையிடம் எப்படிச் சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அமிலம் பட்டுருச்சு அத்தை. பள்ளிக்கூடத்துல."

அதற்குப் பிறகு இரண்டு நாட்கள் நான் மகாராணி. அத்தை எனக்குச் சோறு ஊட்டினாள். தலை பின்னிவிட்டாள். மாமா கடையிலிருந்து சூடு ஆறாத பால்கோவாவை வாழை இலையில் கொண்டுவந்து, "வலது கைலதான தின்னுவ, தின்னு" என்று முன்னால் வைத்தார். ஓரத்தில் லேசாகக் கருகி ஒட்டியிருந்த அந்தப் பால் ருசிக்கு இணை இன்றுவரை எங்கும் கிடைக்கவில்லை. பொய் சொன்ன வாய்க்கு அது அவ்வளவு இனித்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் பால்கோவா தின்றுகொண்டிருந்தபோது அத்தை அடுத்த வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாள். அங்கே ஹைட்ரஜன் கையிலும் கட்டு. அவள் அம்மா விசாரித்திருக்கிறார். "இது சும்மா, எனக்கு இணைதிறன் ஒண்ணும்மா" என்று அவள் சொல்ல, "அது என்ன எழவு, தொத்துமா?" என்று கேட்டிருக்கிறார் அம்மா. புண்ணை மறைக்கிறாள் என்று அவருக்குச் சந்தேகம். அவிழ்த்துக் காட்டு என்றால், டீச்சர் அவிழ்க்கக் கூடாது என்றார் என்கிறாள். இதை விடவா வேறு சாட்சி வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அந்த அம்மா இன்னொருவரிடம் சொல்ல, பேச்சு பஸ் ஏறி ராஜபாளையத்துக்கே வந்துவிட்டது. அங்கே கார்பன் வீட்டில் அவள் நான்கு கட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பேண்டேஜ் நெய்கிற ஊரில் பேண்டேஜைப் பார்த்தால் யாருக்கும் வேறு எதுவும் தோன்றாது.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் அம்மாக்கள் கூட்டம். அத்தையும் மாமாவும் என்னோடு பஸ்ஸில் வந்திருந்தார்கள். புண்பட்ட பிள்ளைகளுக்கு என்று மாமா ஒரு தூக்குவாளி நிறையப் பால்கோவா கொண்டுவந்திருந்தார். பெரிய டீச்சர், அதுதான் நம் தலைமையாசிரியை, கொடிக்கம்பத்துப் பக்கத்தில் நின்று புது டீச்சரைப் பார்த்துக் கேட்டார்.

"அமில பாட்டில் இருக்குத பீரோ சாவிய யார்கிட்ட குடுத்தேன்?"

"என்கிட்ட."

"பிள்ளைங்க கையெல்லாம் வெந்து கெடக்குன்னு ஊரே வந்து நிக்கி. நீங்க இருக்கதே லீவு எடத்துல. இன்னைக்கே பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிருங்க."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அம்மாக்கள் தத்தம் பிள்ளைகளைப் பிடித்து இழுத்துக் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்கள். கார்பனின் அம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பதற்றம் வந்தால் தமிழ் மறந்துவிடும். தெலுங்கில் புலம்பிக்கொண்டே ஒவ்வொன்றாக நான்கு கட்டையும் அவிழ்த்தார். உள்ளே தோல் நன்றாக இருந்தது. தேய்த்துப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். ஹைட்ரஜனின் அம்மாவும் பார்த்தார். ஒருத்தி கையிலும் ஒரு கொப்புளம் இல்லை.

"அப்பொறம் யாருக்குத்தான் பட்டுது?" என்றார் பெரிய டீச்சர்.

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை என்னைப் பார்த்தாள். நான் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். டீச்சர் பக்கவாட்டில் நின்றிருந்ததால் அவர் கண்ணுக்கு அது பட்டுவிட்டது. ஆர்கான் கையில் ஒரு துண்டு. வேறு யாருக்கும் அதில் ஒன்றுமில்லை, அவருக்கு மட்டும் எல்லாம் புரிந்திருக்கும். இவள் பொய் சொல்கிறாள், இவளுக்கு நான் துணியே கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் வேலை தப்பும். அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"யாருக்கும் படல. நான் பொய் சொன்னேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை என்று இன்னொரு முறை சொன்னேன். "டீச்சர் பீரோவத் தெறக்கவே இல்ல. எல்லாருக்கும் கை இருக்கு, எனக்கு மட்டும் இல்ல. அதான் நானாக் கட்டிக்கிட்டேன்."

அத்தையின் முகம் போன போக்கைச் சொல்ல மாட்டேன். பெரிய டீச்சருக்கு நான் சொன்னது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "கையா? ரெண்டு கை இருக்கேம்மா உனக்கு" என்றார். டீச்சர் அப்போதுதான் வாயைத் திறந்தார். துணி எதற்கு, முடிச்சு எதற்கு என்று விளக்கினார். பெரிய டீச்சர் நம்பவில்லை. அம்மாக்கள் அதைவிட நம்பவில்லை. வெட்டிப் பேச்சு வேண்டாம், செய்து காட்டச் சொல்லுங்கள் என்று ஹைட்ரஜனின் அம்மா சொன்னார்.

அவிழ்த்த துணியை மறுபடி சுற்றிக்கொண்டு சோடியமும் குளோரினும் ஓடிவந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். இது சமையல் உப்பு என்றார் டீச்சர். ஒரு ஆக்ஸிஜன் இரண்டு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டாள். இது தண்ணீர். கால்சியமும் கார்பனும் மூன்று ஆக்ஸிஜனும் வந்தார்கள். இது சுண்ணாம்புக்கல், ஆலங்குளத்தில் சிமெண்டுக்கு வெட்டுகிறார்களே, அது. அம்மாக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தார்கள். மாமா தூக்குவாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"சீனிக்கு எம்புட்டுப் பேரு வேணும் டீச்சர்?"

டீச்சர் சிரித்துவிட்டார். "நாப்பத்தஞ்சு பேர் வேணும் சார். பன்னெண்டு கார்பன், இருபத்திரெண்டு ஹைட்ரஜன், பதினோரு ஆக்ஸிஜன்."

வகுப்பில் நாற்பத்தொரு பேர். என்னைக் கழித்தால் நாற்பது. ஐந்து குறைகிறது. விட்டுவிட்டால் என்ன, உப்போடு நிறுத்திக்கொள்ளலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாமா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். அத்தை என்னை முறைத்துக்கொண்டே நீட்டினாள். ஹைட்ரஜனின் அம்மாவும் கார்பனின் அம்மாவும் வந்தார்கள். நாற்பத்து நான்கு. எல்லோரும் பெரிய டீச்சரைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். "ஒரு கைதானே?" என்று கேட்டு, இடது கையை நீட்டினார்.

சோடியம், கால்சியம் எல்லோரும் அன்றைக்கு மட்டும் கார்பனாகவும் ஆக்ஸிஜனாகவும் மாறினார்கள். என் பையிலிருந்த சுருள் தீர்ந்தது. தொண்ணூற்று இரண்டு துண்டு, நாற்பத்தாறு முடிச்சு. டீச்சர் என்னைக் கொடிமேடையில் ஏற்றிவிட்டார். "கட்டுக்குள்ள இருக்கவளுக எண்ண முடியாதும்மா. நீ எண்ணு." மேலே நின்று கத்திக் கத்தி எண்ணினேன். ஏட்டி அங்கே ஒரு கை தொங்குது, மாமா நீங்கள் இரண்டு பேரோடு கட்டியிருக்கிறீர்கள், உங்களுக்கு ஒன்றுதான். மில் சங்கு ஊதியபோதுகூட யாரும் வகுப்புக்குப் போகவில்லை. நான் எண்ணியதில் நாற்பத்து நான்கு முடிச்சுதான் வந்தது. பரவாயில்லை, சீனிதான் என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த மூலக்கூறு கட்டோடு அப்படியே நகர்ந்துபோய்ப் பால்கோவா வாளியைச் சுற்றி உட்கார்ந்தது. பெரிய டீச்சர் சத்தம் போட்டுச் சிரித்ததை முதலும் கடைசியுமாக அன்றுதான் கேட்டோம்.

எனக்குப் பால்கோவா தரக் கூடாது என்று அத்தை உத்தரவு போட்டுவிட்டாள். ஃப்ளூரின்தான் தன் பங்கில் பாதியை என் வாயில் திணித்தாள். பிடுங்கித் தின்பவள் கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் அந்தத் துண்டை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம், வைத்துக்கொள் என்றார். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். சொல்லலேன்னா செத்த நேரம் பாத்துட்டு நானே சொல்லிருப்பேன்" என்றார். பிறகு, "ஆர்கான் யாரோடயும் சேராதும்மா. நான் படிச்ச வரைக்கும் அப்படித்தான்" என்றார்.

சீட்டுக் குலுக்கலில் அந்த ஒரு ஆர்கானைப் போட்டதற்குப் பெரிய காரணம் இருந்திருக்கும் என்று ரொம்ப வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை எண்ணுகிறவளாக ஆக்கத்தான் என்று நானே ஒரு கதையும் கட்டிவைத்திருந்தேன். இப்போது தோன்றுகிறது, புத்தகத்தில் அப்படி ஒரு தனிமம் இருக்கிறது, அதனால் போட்டார், அவ்வளவுதான். இருபது வயதைக் கொஞ்சம் தாண்டிய பெண். ஒரு சீட்டு ஒரு பிள்ளையை அழவைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. முழுப் பரீட்சைக்கு முன்பே பழைய டீச்சர் குழந்தையோடு திரும்பிவிட்டார், இவர் போய்விட்டார். எங்கே போனார் என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. துண்டுத் துணியை வாய்பாட்டு நோட்டுக்குள் வைத்திருந்தேன். வீடு மாறியபோது நோட்டோடு போயிற்று.

சரி, சேதிக்கு வருகிறேன்.

கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது ஹைட்ரஜன் வந்து என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். கெமிஸ்ட்ரி டீச்சராகவே இருந்து ஓய்வு பெற்றவள், இன்னும் பாடப் புத்தகத்தை விடமாட்டாள். ஃப்ளூரின் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஆர்கான் சேருது" என்றாள் ஹைட்ரஜன்.

"என்னத்தோட?"

"ஏதோ குளிர் நாட்டுல செஞ்சு பாத்துட்டாங்களாம். ஒரு பக்கம் ஹைட்ரஜன், ஒரு பக்கம் ஃப்ளூரின், நடுவுல ஆர்கான். எனக்கே லேட்டாத்தான் தெரிஞ்சுது. வாசிச்ச ஒடனே ஒன்னத்தான் நெனச்சேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம். அந்த டீச்சர் எங்கேயாவது இருந்து இதை வாசித்திருப்பாரா என்று நினைத்தேன். அதற்குள் ஹைட்ரஜன் கைப்பையிலிருந்து மருந்துக் கடையில் வாங்கிய பேண்டேஜை எடுத்து, கத்தரியைத் தேடாமல் பல்லால் கிழித்தாள். என் இடது கையை அவள் கையோடு கட்டினாள். வலது கையை ஃப்ளூரின் கட்டினாள், வழக்கம்போல வலிக்கிற மாதிரி இறுக்கி.

"ஆனா ஒண்ணு" என்றாள் ஹைட்ரஜன். "அது தாங்க முடியாத குளிர்லதான் நிக்குமாம். கொஞ்சம் சூடு ஏறுனா பிரிஞ்சுருமாம்."

மண்டபத்தில் மின்விசிறி பேருக்குத்தான் சுற்றியது. பங்குனி வெயிலில் மூன்று பேருக்கும் முதுகு நனைந்திருந்தது.

"இந்த வேக்காட்டுல எங்க நிக்கப் போவுது" என்றேன்.

"பிரிஞ்சா மறுபடி கட்டுவோம்" என்றாள் ஃப்ளூரின்.

பஸ் ஏறுவதற்காக முடிச்சை அவிழ்த்தார்கள். என் மணிக்கட்டில் இருந்த துண்டுகளை மட்டும் நான் அவிழ்க்க விடவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மருமகள் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"ரெண்டு கையிலயும் என்னத்தே கட்டு?"

இந்த முறை உண்மையைச் சொன்னேன்.